லண்டனில் இரு வீடுகள்

1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் காப்பி பயிரிட்டார். பின்னர் ஏற்காட்டில் தோட்டக்கார வெள்ளையரின் பங்களாக்கள் எழுந்தன. அவர்களுக்கு வீடில்லையென்று எவரும் கதவைச் சாத்தியதாக நாம் கேட்டதில்லை. கல்வியை நாடி லண்டன் சென்ற நம் பிள்ளைகளுக்கோ, நிறத்தைக் கண்டதும் அறை காலியில்லையென்ற வீட்டுக்காரர் பலர்.

இக்குறையைப் போக்கவே ஸ்ரீ சியாமஜி கிருஷ்ண வர்மா ஹைகேட்டில், குரோம்வெல் அவென்யூ 65-ஆம் எண் வீட்டை 'இந்தியா ஹௌஸ்' என்று மாணவர் விடுதியாக்கினார். திறந்தது 1905 ஜூலை 1-ந் தேதி. பாரிஸ்டர் பரீட்சைக்குச் சென்ற ஸ்ரீ வ. வே. சு. ஐயருக்கு அங்கே கிடைத்தது படுக்கையும் கணப்பும் மாத்திரமல்ல. அச்சமின்றித் தேசத்தைப் பற்றிப் பேச ஒரு கூடமும் கிடைத்தது.

1909-ல் கர்ஸன் வைலி கொலையுண்டபின் அவ்வில்லம் நிலைக்கவில்லை. சர்க்காரோ குரோம்வெல் ரோடு 21-ஆம் எண் வீட்டில் இந்திய மாணவருக்கு இடமளித்தது. பெயரில் என்ன ஒற்றுமை! அங்கே இடத்தோடு கண்காணிப்பும் உண்டென்று மாணவர் ஐயுற்றனர். 1914 ஏப்ரலில் ஸ்ரீ ராமானுஜன் முதலில் தங்கியது அதில்தான். சில தினங்களில் கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் நெவில் தம் வீட்டிற்கே அவரை அழைத்துச் சென்றார். இத்தகைய வெள்ளையரும் உண்டென்பதை நாம் மறைத்தல் தர்மமன்று. பிறகு டிரினிடி கல்லூரி அறையில், ராமானுஜன் தம் கையாலேயே சமைத்து உண்டு வந்தார்.