வளர்ப்புக் காடுகளின் தாங்குந் திறன்

மனிதர் நட்டு வளர்க்குங் காட்டை எதைக்கொண்டு மதிப்பிடுவது? அது தரும் மரத்தின் அளவைக்கொண்டே மதிப்பிடுதல் நெடுங்கால வழக்கு. வெட்டுவது வளர்வதை விஞ்சலாகாது என்னுங் கருத்தைச் சக்சனி நாட்டுச் சுரங்க அதிகாரி கார்லோவிற்ஸ் 1713இல் தம் நூலில் வலியுறுத்தினார். ஜேர்மனியின் காட்டியல் அவ்வழியே வளர்ந்தது. அக்கணக்கிற்கு மிக உகந்ததாய்த் தோன்றியது ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம். விரைந்து வளர்வது, நேராக ஓங்குவது, நல்ல விலைபோவது. ஆகவே, குளிர்ந்த மலைகளுக்குரிய அம்மரத்தைத் தாழ்ந்த, வெப்பமிக்க நிலங்களிலும் ஒரே இனமாக, ஒரே வயதினதாக நட்டனர். மியூனிக்கிற் பேராசிரியராயிருந்த கார்ல் கேயர் கலப்புக் காட்டை வேண்டி 1886இலேயே நூலெழுதினார். எனினும், எவ்வளவு தரும் என்ற வினாவின் முன் எதனைத் தாங்கும் என்ற வினா பின்தள்ளப்பட்டே கிடந்தது.

2018இல் தொடங்கி அடுத்தடுத்து வந்த வரட்சி அவ்வினாவை முன்கொணர்ந்தது. ஸ்புரூஸின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுவன. பட்டையைத் துளைக்கும் வண்டைப் பிசின் சுரந்து தள்ளுவதே அதன் தற்காப்பு. நீரின்றிப் பிசின் ஏது? அரிசிமணியளவேயான அவ்வண்டோ வெப்பமிகு கோடையில் இரண்டு, மூன்று தலைமுறை பெருகவல்லது. 2018 ஜனவரி முதல் 2021 ஏப்பிரல் வரை சுமார் 5 இலட்சம் ஹெக்டேயர் பரப்பில் மரங்கள் அழிந்தமை செய்மதிப் படங்களால் அறியப்பட்டது. ஹார்ஸ் மலைச்சரிவுகள் சாம்பல் நிறமாயின.

இத்தகைய கேட்டை முன்கூட்டி அளக்க இயலுமா? புயலைப் பொறுத்தவரை எளியதோர் அளவுண்டு. மரத்தின் உயரத்தை, நெஞ்சளவு உயரத்தில் எடுத்த விட்டத்தால் வகுக்கவேண்டும். உயரம் 24 மீற்றர், விட்டம் 30 சதம மீற்றர் எனின் ஈவு 80. ஊசியிலை மரங்களில் இதனை மிகத் தாண்டியவை காற்றுக்கும் பனிச்சுமைக்கும் எளிதில் முறிவன எனக் கொள்வர். நெருக்கி நட்டுக் காலத்தில் ஐதாக்காது விட்ட காட்டில் இவ்வெண் ஏறிச்செல்லும். வரட்சிக்கோ இத்தகைய ஒற்றை எண் போதாது. மண்ணின் ஆழம், அது பிடித்துவைக்கும் நீர், சரிவு நோக்குந் திசை, மரத்தின் இனம், வயது ஆகிய யாவற்றையும் ஒருங்கே நோக்கவேண்டும்.

தாங்குதல் வேறு, மீளுதல் வேறு. மீளுந் திறனை அறிய மர உச்சியை அன்று, நிலத்தையே நோக்குதல் வேண்டும். அகன்ற இலைகளையுடைய பீச், மேப்பிள் முதலியவற்றின் இளங்கன்றுகள் நிழலிற் காத்திருப்பின், மேல்மரங்கள் மடிந்தபின்னுங் காடு எழும். மான்கள் மிகுந்து அவற்றைக் கடித்துவிடுமிடங்களில் அதுவுமில்லை. காட்டின் கணக்கில் மானையுஞ் சேர்க்கவேண்டியுள்ளது!

கலப்புக் காடு சகலரோக நிவாரணியன்று. அதே வரட்சியிற் பீச் மரங்களும் பல இடங்களிற் பட்டுப்போயின. ஆயினும், ஸ்புரூஸைக் கொல்லும் வண்டு அருகில் நிற்கும் பீச்சைத் தீண்டுவதில்லை.