சாமான் பட்டியல் சொன்ன ரகசியம்

ஒரு பொருள் விற்கவில்லை. ஏன் விற்கவில்லை?

வாங்காதவர்களையே கேட்டுவிட்டால் தெரிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் அவர்கள் சொல்லும் பதில், மனதில் உள்ள பதில்தானா?

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் ஒரு தந்திரம் செய்தார். அது விளம்பர உலகில் பெரும் புகழ் பெற்றது. அதற்கு அவர் பெரிய எந்திரம் எதையும் தேடவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது இரண்டே இரண்டு மளிகைப் பட்டியல்!

வெந்நீர் போதும்

சுவிட்சர்லாந்து நாட்டு நெஸ்லே கம்பெனி 1938-ம் ஆண்டில் நெஸ்கபே என்ற காபித்தூளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தத் தூளை வடிகட்ட வேண்டாம். டிகாக்ஷன் இறங்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். கோப்பையில் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் காபி தயார்! இரண்டாவது உலகப் போரின்போது அமெரிக்கச் சிப்பாய்கள் இத்தகைய காபியை நிறையக் குடித்தார்கள்.

போர் முடிந்தது. ஆனால் அமெரிக்காவில் பல இல்லத்தரசிகள் இந்தக் காபியைத் தங்கள் சமையல் அறைக்குள் விட மறுத்தார்கள்.

"இந்தக் காபியை நீங்கள் வாங்குவது உண்டா? இல்லை என்றால், அதில் என்ன பிடிக்கவில்லை?" என்று அவர்களிடம் நேரடியாகக் கேட்டார்கள்.

வாங்காதவர்களில் பெரும்பாலோர் ஒரே பதிலைச் சொன்னார்கள். "ருசி பிடிக்கவில்லை" என்பதுதான் அந்தப் பதில்.

இதை அப்படியே நம்பினால் கம்பெனி என்ன செய்யும்? "எங்கள் காபி ருசியானது, ருசியானது" என்று விளம்பரத்தில் பணத்தைக் கொட்டும்.

மேசன் ஹேர் என்பவர் இந்தப் பதிலை நம்பவில்லை. அவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மனோதத்துவப் பேராசிரியர். "ருசி" என்பது வெறும் சாக்காக இருக்கலாம், அதன் பின்னால் வேறு ஏதோ ஒளிந்திருக்கலாம் என்று அவர் சந்தேகப்பட்டார்.

இரண்டு பட்டியல்

ஹேர் ஒரு மளிகைப் பட்டியலை எழுதினார். கொத்துக்கறி ஒன்றரை ராத்தல், ரொட்டி 2, காரட் ஒரு கட்டு, பேக்கிங் பவுடர் ஒரு டப்பா, பீச் பழம் 2 டப்பா, உருளைக்கிழங்கு 5 ராத்தல். இவற்றோடு நெஸ்கபே.

பிறகு இன்னொரு பட்டியல் எழுதினார். அதிலும் இதே சாமான்கள்தான். ஒன்று மட்டும் வேறு. நெஸ்கபேக்குப் பதிலாக, வடிகட்டிப் போடும் மாக்ஸ்வெல் ஹவுஸ் காபித்தூள் ஒரு ராத்தல்.

முதல் பட்டியலை 50 பெண்களிடம் கொடுத்தார்கள். இரண்டாவது பட்டியலை வேறு 50 பெண்களிடம் கொடுத்தார்கள். இன்னொரு பட்டியல் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

"இந்தச் சாமான்களை வாங்கிய பெண் எப்படிப்பட்டவளாக இருப்பாள்? அவளுடைய குணம் என்ன?" இதுதான் கேள்வி. காபியைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை!

"அவள் சோம்பேறி!"

பதில்கள் வந்தன. ஹேரின் சந்தேகம் உறுதியாயிற்று.

நெஸ்கபே பட்டியலைப் பார்த்த 50 பேரில் 24 பேர் அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்றார்கள். மாக்ஸ்வெல் ஹவுஸ் பட்டியலைப் பார்த்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 2 பேர்தான்.

"திட்டம் போட்டுக் குடும்பம் நடத்தத் தெரியாதவள்" என்று நெஸ்கபே வாங்கியவளை 24 பேர் குறை சொன்னார்கள். மற்றவளை அப்படிச் சொன்னவர்கள் 6 பேர்.

நெஸ்கபே வாங்கியவள் நல்ல மனைவி அல்ல என்று கூட 8 பேர் சொன்னார்கள்! மாக்ஸ்வெல் ஹவுஸ் வாங்கியவளை ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை.

இரண்டு பெண்களும் வாங்கியது ஒரே கறி, ஒரே ரொட்டி, ஒரே கிழங்கு. காபி மட்டும்தான் வேறு. அந்த ஒரு டப்பாவினால் ஒரு பெண்ணின் நல்ல பெயரே போய்விட்டது!

குற்றம் காபியின் மேல்தானா? ஹேர் இன்னொரு சோதனையும் செய்தார். பழம் வைத்துச் செய்யும் "பை" என்ற பலகாரத்துக்கான தயார் கலவை ஒன்றை இரண்டு பட்டியல்களிலும் சேர்த்தார். வேறு பெண்களிடம் காட்டினார். இப்போது மாக்ஸ்வெல் ஹவுஸ் வாங்கியவளும் குறை சொல்லுக்குத் தப்பவில்லை. ஆகவே குற்றம் காபியின் மேல் அல்ல. குறுக்கு வழியில் சமைக்கிறாளே என்பதுதான் பெண்களின் மனக்குறை.

அலமாரியும் சாட்சி

ஹேர் இதோடு விடவில்லை. பதில் சொன்ன சில பெண்களின் வீட்டு அலமாரியில் என்ன காபி இருக்கிறது என்றும் பார்க்கச் செய்தார். நெஸ்கபே வாங்கியவளைக் குறை கூறியவர்களின் வீடுகளில் பெரும்பாலும் அத்தகைய காபி இல்லை. அதை வாங்கி வைத்திருந்த பெண்களோ, "அவள் சிக்கனக்காரி" என்று பாராட்டினார்கள்.

இந்த ஆராய்ச்சி 1950-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் "ஜர்னல் ஆப் மார்க்கெட்டிங்" என்ற பத்திரிகையில் வெளியாயிற்று.

"என்னைச் சோம்பேறி என்று நினைப்பார்களே, அதனால் வாங்கவில்லை" என்று எந்தப் பெண்ணும் தன் வாயால் சொல்லமாட்டாள். அவளுக்கே அது தெரியாமலும் இருக்கலாம். "ருசி பிடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டால் கௌரவம் போகாது. ஆனால் யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்டால், தன் மனதில் இருப்பதைத் தயங்காமல் கொட்டிவிடுவாள். தந்திரம் இவ்வளவுதான்.

விளம்பரம் என்ன சொல்லவேண்டும்?

"வேலை மிச்சம், நேரம் மிச்சம்" என்று விளம்பரம் செய்தால் போதும் என்று வியாபாரி நினைப்பார். ஆனால் அந்தப் பெண்கள் பயந்ததே அதற்குத்தான்! வேலை மிச்சம் என்று உரக்கச் சொல்லச் சொல்ல, சோம்பேறிப் பட்டம் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும்.

மிச்சமான நேரம் எதற்குப் பயன்படுகிறது என்று காட்டவேண்டும். பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் தாயை, கெட்டிக்காரத்தனமாகக் குடும்பம் நடத்தும் பெண்ணை விளம்பரத்தில் காட்டினால், அவளுடைய தயக்கம் தீரும். பொருள் அதேதான். சொல்லும் சொல்தான் மாறுகிறது. எந்தச் சொல்லைச் சொல்வது என்பதற்கு வழிகாட்டுவதே ஆராய்ச்சி. அது இல்லாத விளம்பரம் இருட்டில் எறிந்த கல்.

காலம் மாறியது

முதல் சோதனையில் பட்டியலைப் பார்த்தவர்கள் 100 பேர்தான். அவர்கள் சொன்னது ஒரு நாட்டுக்கே தீர்ப்பு ஆகாது. எந்தக் காலத்துக்கும் பொருந்தும் தீர்ப்பும் ஆகாது.

1968-ம் ஆண்டில் வேறு இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் இதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். முன்பு இருந்த பெரிய வித்தியாசம் மறைந்துவிட்டது! நெஸ்கபே வாங்கியவளை மட்டும் தனியே பிரித்துச் சோம்பேறி என்று தூற்றும் போக்கு இல்லை. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் வெந்நீரில் கலக்கும் காபி வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டது. தயார் உணவு வகைகளும் பெருகிவிட்டன. பழைய முடிவை நம்பி 1968-ல் விளம்பரம் செய்திருந்தால், இல்லாத பயத்துக்கு மருந்து கொடுத்தது போல் ஆகியிருக்கும்.

வியாபாரிக்கு இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. வாய் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு செய்யக்கூடாது. ஒரு முறை கேட்டதோடு இருந்துவிடவும் கூடாது.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. "இது நன்றாக இல்லை" என்று ஒரு பொருளை ஒதுக்கும்போது, குறை பொருளில் இருக்கிறதா, ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தில் இருக்கிறதா என்று ஒரு கணம் யோசிக்கலாம். பக்கத்து வீட்டுக் கூடையைப் பார்த்து அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பட்டம் சூட்டும் முன்பு, இன்னும் ஒரு கணம் யோசிக்கலாம்.