குடலில் ஓட்டை விழுந்தால்

சித்தூர், திருப்பதி பக்கத்தில் மாந்தோப்புகள் அதிகம். கரும்பும் நிலக்கடலையும் உண்டு. நாளெல்லாம் குனிந்து செய்யும் வேலை. இரவில் முதுகு வலிக்கும். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக் கொள்வார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டீ, ஒரு பீடி. இப்படியே மாதங்கள் போகும். ஒரு நாள் திடீரென்று மேல்வயிற்றில் கத்தியால் குத்தியது போல் வலி வரும்.

இது சாதாரண வயிற்று வலி இல்லை. குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம்.

குடல் ஒரு நீண்ட குழாய். சிறுகுடல் மட்டுமே சுமார் 20 அடி நீளம். குடலுக்குள் செரித்த உணவு, அமிலம், மலம், கிருமி எல்லாம் இருக்கின்றன. உள்ளே இருக்கும் வரை கெடுதல் இல்லை. ஓட்டை வழியே வெளியே கசிந்தால் வயிறு முழுவதும் சீழ் பிடிக்கும். நஞ்சு இரத்தத்தில் கலக்கும். உயிரே போகலாம்.

ஓட்டை ஏன் விழுகிறது?

வயிற்றுப் புண் ஒரு பெரிய காரணம். இரைப்பையிலும், அதை ஒட்டிய சிறுகுடலிலும் புண் வரும். எல்லோரும் மிளகாயைத் திட்டுவார்கள். பாவம், மிளகாய்! பெரும்பாலும் ஒரு கிருமிதான் காரணம். இதைக் காட்ட ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் அவருடைய இரைப்பை அழற்சி கண்டது. 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வலி மாத்திரையும் புகையும் கூட புண்ணை உண்டாக்கும், ஆழமாக்கும்.

அடுத்தது டைபாய்டு காய்ச்சல். இது அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருகிறது. சரியான மருந்து சாப்பிடாவிட்டால் மூன்றாவது வாரம் போல சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஓட்டை விழலாம். சிறுவர்களும் இளைஞர்களும் இதில் அதிகம்.

குடல் காசநோயாலும் ஓட்டை விழும். குடல்வால் வீங்கி வெடிப்பதும் உண்டு. மாடு முட்டினாலும், சைக்கிள் கைப்பிடி குத்தினாலும் குடல் கிழியலாம்.

ஆண்களுக்கே இது அதிகம் வருகிறது. ஆனால் மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிடும் வயதான பெண்களுக்கும் வரும். வயதானவர்களுக்கு வலி குறைவாகத் தெரியும். அதனால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? வயிறு பலகை போல் இறுகும். நோயாளி புரள மாட்டார். அசையாமல் படுத்திருப்பார். அசைந்தால் வலி கூடும். வாந்தி வரும். வயிறு உப்பும். காற்றுப் பிரியாது. சில மணி நேரம் கழித்து வலி கொஞ்சம் குறையலாம். ‘சரியாகி விட்டது’ என்று வீட்டார் நினைப்பார்கள். இதுதான் ஆபத்தான நேரம். உள்ளே சீழ் பரவிக்கொண்டிருக்கும்.

விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். எனிமா வேண்டாம். வயிற்றைத் தேய்க்க வேண்டாம். சோடா, தண்ணீர் கூடக் கொடுக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். சித்தூர் அரசு மருத்துவமனைக்கோ, திருப்பதி ருயா அரசு மருத்துவமனைக்கோ போகலாம். அங்கே நிற்க வைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். ஓட்டை வழியே வெளியேறிய காற்று, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே பிறை நிலா போல் தெரியும்.

பிறகு ஆபரேஷன். வயிற்றைக் கழுவி, ஓட்டையைத் தைப்பார்கள். குடல் மிகவும் கெட்டிருந்தால் அதன் முனையை வயிற்றின் மேல் வெளியே வைத்து, ஒரு பை ஒட்டுவார்கள். மலம் பையில் விழும். பார்த்ததும் வீட்டார் அழுவார்கள். ஆனால் பலருக்குச் சில மாதம் கழித்து அதை மீண்டும் உள்ளே சேர்த்துவிடலாம். அதுவரை பையைச் சுத்தம் செய்யவும் மாற்றவும் நர்ஸ் கற்றுத் தருவார்.