உயிர் காக்கும் ரப்பர் வளையம்!

மோதிரம் போல் விரலில் மாட்டிக்கொள்ளலாம். அவ்வளவு சிறிய ரப்பர் வளையம். ஆனால் எண்ணெய்க் கிணற்றில் பலருடைய உயிரைக் காப்பது அதுதான்!

பிரஷர் குக்கர் மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதல்லவா? அது பழுதானால் ஆவி கசியும்; சோறு சரியாக வேகாது. எண்ணெய்க் கிணற்றுக் குழாயில் வளையம் பழுதானால் கசிவது எரிவாயு. ஒரு பொறி போதும், தீப்பிடித்துவிடும்!

அங்கே அழுத்தமும் சாமானியமானதல்ல. கார் டயரில் சதுர அங்குலத்திற்குச் சுமார் 30 பவுண்டு அழுத்தம். சில கிணறுகளின் குழாய் இணைப்புகளோ 10,000 பவுண்டைத் தாங்க வேண்டும்.

எந்த ரப்பர்?

மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பர் இங்கே உதவாது. எண்ணெயில் ஊறினால் உப்பிப் பலமிழந்துவிடும். ஆகவே செயற்கை ரப்பர்தான் தேவை.

நைட்ரைல் என்ற ரப்பர் எண்ணெயைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் சில கிணறுகளில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு வரும். அது பட்டால் நைட்ரைல் இறுகி விரிசல் விடும்.

புளோரின் கலந்த ரப்பர் 200 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தையும் தாங்கும். ஆனால் குளிரில் விறைத்துவிடும்.

7 பேர் பலி

விறைத்த ரப்பரால் என்ன நேரும் என்பதை ஒரு விண்வெளி விபத்து காட்டியது. 1986 ஜனவரி 28-ந் தேதி அமெரிக்காவின் "சாலஞ்சர்" விண்வெளி ஓடம் கிளம்பியது. அதன் ராக்கெட் இணைப்புகளில் இருந்தவை புளோரின் ரப்பர் வளையங்கள். இணைப்பின் அமைப்பிலேயே குறை இருந்தது. அன்று கடுங்குளிர் வேறு. விறைத்த வளையம் இடைவெளியை அடைக்கவில்லை. நெருப்பு வாயு பீறிட்டது. 73 வினாடிகளில் ஓடம் சிதறியது. அதில் இருந்த 7 பேரும் மாண்டார்கள்.

விசாரணையின்போது விஞ்ஞானி பெயின்மன், அந்த ரப்பர்த் துண்டு ஒன்றை இடுக்கியால் நெருக்கி ஐஸ் தண்ணீரில் போட்டார். இடுக்கியை எடுத்த பிறகும் அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை!

சோடா புட்டி போல

எரிவாயுக் கிணற்றில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கடும் அழுத்தத்தில் வாயு ரப்பருக்குள்ளேயே புகுந்துவிடும். அழுத்தம் திடீரென்று குறைந்தால், சோடா புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குவது போல அந்த வாயு பொங்கும். வளையம் கொப்பளித்துக் கிழிந்துவிடும். இதற்கென்றே தயாரான கெட்டி ரப்பர் வேண்டும். அழுத்தத்தையும் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் தாங்கும் ரப்பர் என்று எதுவும் இல்லை. எண்ணெயா, வாயுவா, எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர் என்று கேட்ட பிறகே வளையத்தைப் பொறுக்க வேண்டும். பார்வைக்குப் பெரும்பாலும் எல்லாம் ஒரே கறுப்பு வளையங்கள்தான். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாட்டினால், ஆபத்து உயிருக்கு!