அறுந்த கயிற்றை எறியாதீர்கள்

மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கள்ளிவயல்தோட்டம் பக்கம் பலத்த காற்றடித்து ஓயும்போதெல்லாம் இதே தவறைப் பார்க்கிறேன். நங்கூரக் கயிறு அறுந்து, படகு கரையில் மோதிக் கிடக்கும். உரிமையாளர் மறுநாளே ஆள் வைத்து உடைந்ததைப் பிரித்துவிடுவார். அறுந்த கயிறு குப்பைக்குப் போகும். பிறகு இன்சூரன்ஸ் அலுவலகத்தில், ‘கயிறு எப்படி அறுந்தது, எப்போது மாற்றினீர்கள்?’ என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் நின்ற படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. அதற்குப் பிறகும் இன்ஜினுக்கும் வலைக்கும் செலவழிக்கிற கை, கயிற்றுக்கு மட்டும் நீளுவதில்லை.

கயிறு எப்போதும் உராயும் இடத்தில்தான் முதலில் தேயும். அணியத்தில் அது உரசும் இடத்தைத் தினமும் பாருங்கள். பழைய ஹோஸ் குழாயை அங்கே சுற்றிக் கட்டுங்கள். புரி பிரிந்தோ, வெயிலில் மொரமொரவென்று தூள் உதிர்ந்தோ இருந்தால் முடிச்சுப் போட்டு ஒப்பேற்றாதீர்கள், மாற்றிவிடுங்கள். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே சில பாகம் சங்கிலி இருக்க வேண்டும். அதன் கனம் கயிற்றைத் தரையோடு படுக்க வைத்தால்தான் நங்கூரம் சேற்றில் பிடிக்கும். ஷேக்கிள் ஆணி தானாகக் கழலும். கம்பி போட்டு முறுக்கிக் கட்டுங்கள். கயிற்றின் நீளம் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு. மூன்று பாகம் தண்ணீர் என்றால் பதினைந்து பாகத்துக்குக் குறையக் கூடாது. காற்று வலுத்தால் இன்னும் விட வேண்டும். இடமில்லை என்று கயிற்றைக் குறுக்கினால் நங்கூரம் உழுதுகொண்டே வரும். நடுக்கடலில் இன்ஜின் நின்றால், இலங்கை எல்லைப் பக்கம் அடித்துப் போகாமல் படகைப் பிடித்து நிறுத்த நங்கூரம் ஒன்றுதான் இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் இதற்கென்றே கிடைக்கும் நேரம். அப்போதுதான் மீன்வளத்துறையின் படகு ஆய்வும் நடக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர்கள் பதிவெண்ணையும் வர்ணத்தையும் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. நங்கூரத்தையும் பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பார்ப்பது அவர்கள் கடமை.

அதையும் மீறிச் சேதம் வந்தால்? கடலில் ஆள் மாட்டியிருந்தால் முதலில் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. ஆட்கள் கரை சேர்ந்த பிறகுதான் மற்ற வேலை. படகு கிடக்கும் நிலையை, அறுந்த முனையை, ஷேக்கிளை நாலு பக்கமும் படம் எடுங்கள். கயிற்றை ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். அன்றே கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வருவது மனு ஆகாது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அன்றே எழுத்தில் தகவல் போக வேண்டும். சர்வேயர் வந்து பார்க்கும் வரை பழுது பார்க்காதீர்கள். தேய்மானத்தாலும் பராமரிப்புக் குறையாலும் வந்த சேதம் என்று சொல்லித்தான் கைவிரிப்பார்கள்; புதுக் கயிறு வாங்கிய பில்தான் அதற்குப் பதில். பில்லைப் பாலிசியோடு சேர்த்துக் கரையில், வீட்டில் வையுங்கள். படகில் வைத்தால் படகோடு போய்விடும்.

அரசு நிவாரணத்துக்கு மீன்வளத்துறை ஆய்வாளரின் சேதக் கணக்கெடுப்பில் படகு இடம்பெற வேண்டும். பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கிலும் ஒரே பெயர் இருக்கட்டும். பழைய படகை வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்களே, நிவாரணம் வந்தால் விற்றவர் பெயருக்குத்தான் வரும். உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய் இப்போதே பெயர் மாற்றுங்கள். கணக்கெடுப்பில் விட்டுப்போனால் அதே அலுவலகத்தில் மனு. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றால் திரும்பி வராதீர்கள். நகலில் முத்திரையும் தேதியும் கேளுங்கள். அந்த நகலோடு திங்கள்கிழமை தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கட்டிய பிரீமியம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே நேரில் வாதாடலாம்.