உங்களுக்குத் தெரியுமா? மீன் தொட்டிக்கும் ஆப்ப சோடா!

ஒரே தண்ணீரைச் சுற்றவிட்டு மீன் வளர்க்கும் பண்ணைகளில் துப்புரவு வேலை பாக்டீரியாக்களுடையது. வடிகட்டியிலுள்ள பிளாஸ்டிக் துண்டுகள்மேல் வழுவழுப்பான பழுப்புப் படலமாக ஒட்டிக்கொண்டு, மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. சிக்கல் என்னவென்றால், இந்த வேலையிலேயே அமிலமும் உண்டாகிறது. 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றி முடிப்பதற்குள், கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 கிராம் காரத்தன்மை தண்ணீரில் குறைந்துவிடும். கவனிக்காமல் விட்டால் பி.எச். இறங்கிக்கொண்டே போகும். 7-க்குக் கீழே பாக்டீரியா சோர்ந்துவிடும். 6-ஐ நெருங்கும்போது ஏறக்குறைய வேலைநிறுத்தம்தான்.

அம்மோனியா சேர்ந்தாலும் மீன் உடனே சாகாது. அமில நீரில் அது பெரும்பாலும் நஞ்சு குறைந்த அம்மோனியம் அயனியாகவே இருக்கும். பதறிப்போய்ச் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டி பி.எச்.-ஐ ஒரேயடியாக ஏற்றினால்தான் ஆபத்து! 25 டிகிரி செல்சியஸில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதம்கூட நஞ்சு வடிவில் இல்லை. 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தினமும் பி.எச். பார்த்து, ஆப்ப சோடாவை (சோடியம் பைகார்பனேட்) கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விடுகிறார்கள்.