கோபம் வரும்போது மட்டம் பார்ப்போம்!



எங்க ஊர் பேச்சிப்பாறை. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் பேர் பெற்ற ஊர். அணை நிரம்பி வழியட்டும் என்று அங்கே யாரும் காத்திருப்பதில்லை. மழைக்காலத்தில் தினமும் தண்ணீர் மட்டம் பார்ப்பார்கள். ஏறும்போதே எச்சரிக்கை ஆவார்கள். கோபத்துக்கும் இப்படித்தான் மட்டம் பார்க்க வேண்டும் என்கிறது புத்தர் காட்டிய வழி.

போன செமஸ்டரில் எனக்கு ஒரு பேப்பர் போய்விட்டது. ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த அப்பா, "என்ன மக்களே, ஒழுங்கா படிக்கலியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். "உங்களுக்கு இதைப் பத்தி என்ன தெரியும்?" என்று கத்திவிட்டேன். அப்பா பதில் பேசவில்லை. ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டார். நான் படிக்க வேண்டும் என்றுதானே அவர் விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடக்கிறார்! அன்று எனக்கும் தூக்கம் வரவில்லை.

பௌத்தத்தில் உடல், உணர்ச்சி, மனம், மனதில் எழும் விஷயங்கள் என்று நான்கையும் விழிப்போடு கவனிக்கச் சொல்கிறார்கள். நம்ம அன்றாட வாழ்க்கைக்கு இதை இப்படி எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் உடம்பைக் கவனிக்க வேண்டும். கோபம் வாய்க்கு வருமுன்னே மூச்சு வேகமாகும், காது சூடாகும். அப்போதே பேச்சை நிறுத்தி நாலைந்து மூச்சை மட்டும் பார்க்க வேண்டும். கோபத்தை அமுக்கவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம்.

இரண்டாவது, 'இது கோபம்' என்று மனதுக்குள் சொல்லி, அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் பார்த்தபோது அங்கே அப்பா மேல் கோபமே இல்லை. தோற்றுவிட்ட வெட்கம்தான் இருந்தது!

மூன்றாவது மைத்ரி. 'நான் நலமாக இருக்கட்டும்' என்று தொடங்கி, வேண்டியவர், பழக்கமில்லாதவர், கடைசியில் பிடிக்காதவருக்கும் நல்லது நினைப்பது.

இது நமக்குப் புதுசு இல்லை. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையைப் பாருங்கள். மகன் உதயகுமாரன் வெட்டுப்பட்டதற்கு மணிமேகலைதான் காரணம் என்று அரசி அவளைப் பலவிதமாக வதைக்கிறாள். மணிமேகலையோ பழிவாங்க நினைக்காமல், மகனை இழந்த துயரத்தில் இருக்கும் அரசிக்கு அறம் சொல்லித் தேற்றுகிறாள். அரசியின் கோபத்துக்கு அடியில் இருந்த துக்கம் அவளுக்குத் தெரிந்தது.

முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு, எஸ்.என்.கோயங்கா 1969 முதல் இந்தியாவில் கற்பித்த விபாசனா பத்து நாள் பயிற்சி இருக்கிறது. சென்னை அருகே திருமுடிவாக்கத்திலும் மையம் உண்டு. கட்டணம் கிடையாது.

மறுநாள் காலையில் அப்பாவிடம், "தப்புதான் அப்பா, பெயிலான வெட்கத்துல கத்திட்டேன்" என்றேன். "சரி மக்களே, அடுத்த தடவ எழுதிக்கலாம், கட்டன் குடி" என்றார்.

இப்பவும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் மட்டம் ஏறுவது முன்கூட்டியே தெரிகிறது. நீங்களும் முயன்று பாருங்களேன்!